பால் காய்ச்சியாச்சு, கரையான் பார்த்தாச்சா?

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தனி வீட்டை வாங்கிக் குடிபோனோம். நான்காவது மாதம் நவராத்திரி. பரணில் இருந்து கொலுப் பெட்டியை இறக்கினேன். பெட்டி வந்தது, அதன் அடிப்பாகம் பரணிலேயே தங்கிவிட்டது. பொம்மைகளைச் சுற்றி வைத்த செய்தித்தாள் இருந்த இடத்தில் ஈர மண். மண் பொம்மைகளும் செம்மரத்து மரப்பாச்சியும் பிழைத்துக்கொண்டன. கொலுப்படிப் பலகைகள் போயின.

வாங்குவதற்கு முன் நாங்கள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். வாஸ்து பார்க்கிறவர்கூட ஒருவர் வந்துபோனார். நிலைக்கதவின் சட்டத்தை ஒருமுறை தட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. அதில் பளபளவென்று புது பெயின்ட் அடித்திருந்தார்கள். இப்போது ஒரு வீட்டில் சுவரெல்லாம் பழசாக இருந்து, நிலை மட்டும் புதுசாக மின்னினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது.

புதிதாகக் குடிபோனவர்கள், அது சொந்த வீடோ வாடகை வீடோ, முதல் ஓரிரு வாரத்துக்குள் கரையான் சோதனையை முடித்துவிடுவது நல்லது. பீரோவும் கட்டிலும் சுவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாரும் அவற்றை நகர்த்திப் பார்ப்பதில்லை.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பாருங்கள்

இதுதான் முக்கியம் என்பேன். பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இலவசமாகவே வந்து பார்த்துவிட்டுப் போகும். ஆனால் வந்து பார்ப்பவரும் மருந்தடிக்க விலை சொல்பவரும் ஒரே ஆள். அவர் பொய் சொல்வார் என்று சொல்ல வரவில்லை. உங்களுக்கு எதுவுமே தெரியாவிட்டால் அவர் சொல்வது சரியா தவறா என்று எடைபோட வழி இருக்காது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் நீங்களே சுற்றிப் பார்த்துவிட்டால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

தேவைப்படுவது நல்ல வெளிச்சமுள்ள ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், படம் எடுக்க போன். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். மேடு பள்ளம் அப்போதுதான் நிழலோடு தெரியும்.

வெளியில் இருந்து தொடங்குங்கள். வீட்டைச் சுற்றி ஒரு நடை. தரைமட்டத்துக்கு மேல் அடித்தளச் சுவரில் பென்சில் தடிமனில் மண் கோடு ஏதாவது ஏறுகிறதா? நம் ஊர் வீடுகளைத் தின்னும் கரையான்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கூடு வைத்து வாழ்பவை. வெயிலும் காற்றும் பட்டால் அதன் மெல்லிய உடம்பு காய்ந்துவிடும். அதனால் மண்ணையும் எச்சிலையும் குழைத்து ஒரு குழாய் கட்டி, அதற்குள்ளேயே போய் வரும். சுவரை ஒட்டி அடுக்கிய விறகு, பழைய கதவு, சவுக்குக் கட்டை, செடித்தொட்டி எல்லாவற்றையும் நகர்த்திப் பாருங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய செண்ட்ரிங் பலகையையும் சவுக்கையும் அப்படியே போட்டு மண்ணால் மூடிவிடும் மேஸ்திரிகள் உண்டு. கரையானுக்கு நாமே விருந்து வைத்து வீட்டுக்கு வழியும் காட்டியது போல ஆகிவிடும்.

உள்ளே வந்தால் முதலில் வாசல் நிலை. தரையைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே மேலே போங்கள். நல்ல மரம் கெட்டியாகச் சத்தம் தரும். உள்ளே தின்னப்பட்ட மரம் தேங்காய் மூடியைத் தட்டியது போல ஒலிக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் முனையை மெதுவாக அழுத்துங்கள். பெயின்ட் தோலாக இருந்து முனை உள்ளே இறங்கிவிட்டால் விஷயம் முடிந்தது.

“தேக்கு சார், கரையான் தொடாது” என்பார்கள். வைரம் பாய்ந்த தேக்கை அது சுலபத்தில் தொடாது, உண்மைதான். ஆனால் நிலைச்சட்டத்தின் ஓரத்தில் வைரம் இல்லாத வெள்ளைப் பகுதி கொஞ்சம் கலந்தே வரும். அதைச் சாப்பிட்டுக்கொண்டு போய் அடுத்திருக்கும் ப்ளைவுட் அலமாரிக்குத் தாவிவிடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான் என்று பார்க்க வந்த ஆசாரி சொன்னார்.

அடுத்து, குளியலறைக்கும் படுக்கையறைக்கும் பொதுவான சுவர். இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். குழாய் கசிந்து சுவர் ஓதம் பிடித்திருந்தால் கரையானுக்கு வேண்டிய ஈரம் அங்கேயே கிடைத்துவிடும். அந்தச் சுவரில் பதித்த அலமாரியின் பின்பலகை, சமையலறை சிங்க் அடியில் உள்ள அறை, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டு மூலை, பூஜை அலமாரி, பரண், கதவுக்குப் பின்னால் மறையும் சுவர், எல்லாம் இதே வரிசை. சுவரில் சுவிட்ச் பெட்டியின் ஓரத்தில் மண் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின்கம்பி போகும் குழாய் வழியாகவே ஏறிவிடும். ஆனால் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம், அது எலக்ட்ரீசியன் வேலை.

மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு என்றால் தலைக்கு மேலும் பார்க்க வேண்டும். அந்தக் கூரையைத் தாங்குவதே தேக்கு உத்தரங்கள். அவை சுவருக்குள் நுழையும் இடத்தில் மழை நீர் இறங்கியிருந்தால் அங்கேதான் தொடங்கும். இதற்கு ஏணி வைத்து ஏறிப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

எல்லாப் பொடியும் கரையான் இல்லை

மரத்துக்குக் கீழே ஏதாவது கொட்டிக் கிடந்தாலே கரையான் என்று பதறுகிறோம். கொட்டியது என்ன என்று பாருங்கள்.

முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைஸாக இருந்து, மரத்தில் குண்டூசி குத்தியது போன்ற வட்ட ஓட்டைகள் இருந்தால் அது உளுப்பு. ஒரு வகை வண்டின் வேலை. மண்ணில் இருந்து வருவதில்லை. அதற்காக வீட்டுத் தரை முழுக்கத் துளை போட்டு மருந்து ஊற்றினால் காசுதான் போகும். அந்த மரச்சாமானுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும், இல்லாவிட்டால் சாமானைத் தூக்கிப் போடலாம்.

கசகசா மாதிரி, விரலில் உருட்டினால் நெறுநெறுவென்று இருக்கும் சின்னச் சின்ன மணிகளாகக் கொட்டினால் அது உலர்மரக் கரையான். இதற்கு மண்ணும் வேண்டாம், குழாயும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும். கடலோரப் பகுதிகளில் பழைய நாற்காலி, மேசை வாங்கி வந்தால் இதுவும் கூட வரலாம். இதற்கும் தரையில் மருந்து ஊற்றிப் பயனில்லை.

ஈர மண், மண் கோடு, அட்டைப்பெட்டியோடு ஒட்டிப்போன மண் கட்டி என்று எதைப் பார்த்தாலும் அது மண்ணில் இருந்து வரும் கரையான். கீழே நான் சொல்வதெல்லாம் இதற்குத்தான்.

ஈசலைப் பற்றி ஒரு வார்த்தை. ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான். முதல் மழைக்குப் பிறகு விளக்கைத் தேடித் தெருவில் இருந்து வீட்டுக்குள் வருவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்போது, சுவர் விரிசலில் இருந்தோ நிலையின் இடுக்கில் இருந்தோ ஈசல் புறப்பட்டால்தான் விஷயம் பெரிது. கூடு வீட்டை ஒட்டி, அல்லது வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். இறக்கை உதிர்ந்த குவியலை ஜன்னல் விளிம்பில் பார்த்தால் பெருக்கித் தள்ளும் முன் படம் எடுத்து வையுங்கள். சிறகு முளைத்த எறும்பையும் ஈசலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு தெரியாது. எறும்புக்கு முன்னிறக்கை நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்கும்.

கண்டுபிடித்ததும் செய்யக் கூடாதவை

கை பரபரக்கும். மண் கோட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, கரப்பான் பூச்சிக்கு வாங்கிய ஸ்ப்ரேயை அடிக்கத் தோன்றும். மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன. கண்ணுக்குத் தெரிந்தவை செத்தன, மற்றவை வழியை மாற்றிக்கொண்டு பத்து நாளில் அடுத்த அறை நிலையில் முளைத்தன. சோதிக்க வந்தவருக்குப் பழைய தடமும் கிடைக்கவில்லை.

அதற்குப் பதில் மண் கோட்டின் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடையுங்கள். வெள்ளைப் புழு மாதிரி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வந்து பாருங்கள். உடைத்த இடத்தை ஈர மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது. காய்ந்து அப்படியே கிடந்தால் அது பழைய தடமாக இருக்கலாம், முன்பு இருந்தவர்கள் மருந்தடித்திருக்கலாம். இந்தச் சின்னச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் ஆளிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் இதுதான்.

காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்

புது வீடு அல்லது புது ஃப்ளாட் என்றால், கட்டும்போதே கரையான் மருந்து அடித்தார்களா என்று பில்டரிடம் கேளுங்கள். அஸ்திவாரக் குழி, அடித்தளத்தில் நிரப்பிய மண், சுவர் ஓரம், வெளிச்சுற்று என்று ஒவ்வொரு கட்டத்திலும் அடிக்க வேண்டிய வேலை அது. அடித்திருந்தால் நிறுவனத்தின் சான்றிதழும் உத்தரவாதக் காலமும் காகிதத்தில் இருக்கும். “அதெல்லாம் அடிச்சாச்சு சார்” என்பது காகிதம் ஆகாது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கரையான் மருந்து அடித்துத் தருவதாக எழுதியிருந்து, இரண்டாம் வருடமே நிலை தின்னப்பட்டால், இதைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்க இடமிருக்கிறது. நேரில் சத்தம் போடுவதைவிட ஒரு மின்னஞ்சல் நன்றாக வேலை செய்யும்.

வாடகை வீட்டுக்காரர்கள் முதல் வாரமே எடுத்த படங்களை வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும்போது அட்வான்ஸில் கதவுக்குப் பணம் பிடிக்கிற பேச்சு வந்தால் அந்தத் தேதி கைகொடுக்கும்.

ஆளை வரவழைப்பது

இரண்டு மூன்று நிறுவனங்களையாவது தனித்தனி நாளில் வரச் சொல்லுங்கள். பூச்சி மருந்தடிப்பதைத் தொழிலாகச் செய்ய, பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன் கீழ் உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் அதைத் தருவது வேளாண்மைத் துறை. உரிமத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்பது தப்பே இல்லை. கேட்டதும் கோபப்படுகிறவரை விட்டுவிடலாம்.

வந்தவர் எப்படிப் பார்க்கிறார் என்று கூடவே போய்ப் பாருங்கள். எங்களிடம் முதலில் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்று, “எத்தனை சதுர அடி?” என்றார். சொன்னதும் ஒரு தொகை சொன்னார். அவர் பார்த்தது வீட்டை இல்லை, கால்குலேட்டரை. இரண்டாவதாக வந்தவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். சமையலறை இழுப்பறையை வெளியே எடுத்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், சுவரின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவியை வைத்துப் பார்த்தார், பின்புறத் தென்னை மரத்தின் அடியைக்கூட விடவில்லை. எங்கே பார்த்தாரோ அங்கெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நீங்கள் முன்பே பார்த்து வைத்த இடங்களை உடனே சொல்லிவிடாதீர்கள். அவர் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். கொஞ்சம் குறும்புதான், ஆனால் பலன் உண்டு. அப்புறம் எந்த இடத்தில் என்ன தெரிந்தது, உயிருள்ள கரையானா பழைய தடமா, ஈரம் எங்கே இருந்து வருகிறது, எந்த மருந்து எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். கரையான் இல்லாத வீட்டுக்கு மருந்தடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

ஃப்ளாட்டில் இருப்பவர்கள் மாடியில்தானே இருக்கிறோம் என்று இருந்துவிட வேண்டாம். குழாய்கள் இறங்கும் டக்ட் வழியாக மேல் தளத்துக்கும் வரும். அப்படி வந்தால் உங்கள் வீட்டில் மட்டும் அடித்துப் பயன் குறைவு. தரைத்தளமும் வெளிச்சுற்றும் சேர வேண்டும், ஆகவே இது சங்கத்தில் பேச வேண்டிய சமாச்சாரம்.

மருந்தடிக்க முடிவு செய்தால்

கட்டி முடித்த வீடுகளுக்கான முறையை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பாகம் சொல்கிறது. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் 12 மி.மீ. துளைகள், 30 செ.மீ. இடைவெளியில். ஒவ்வொன்றிலும் மண் இனி குடிக்காது என்னும் வரை, அதிகபட்சம் 1 லிட்டர் கலவை. பிறகு துளையை அடைக்க வேண்டும். இதை மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் சுற்றளவு 44 அடி. அடிக்கு ஒரு துளை என்றால், வாசலைக் கழித்து 40 துளைக்கு மேல். மண் நன்றாகக் குடித்தால் ஓர் அறைக்கே 40 லிட்டர் பிடிக்கும். நான்கு அறை வீட்டுக்கு ஒருவர் முதுகில் மாட்டும் ஒரே ஒரு ஸ்ப்ரேயரோடு வந்து அரை மணியில் முடித்துவிட்டால், அவர் தரையை நனைத்துவிட்டுப் போகிறார், அவ்வளவே.

மருந்தில் அதிகம் கேள்விப்படுவது இரண்டு. குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்தென்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். விலை குறைவு, வாடை தூக்கும். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லிக்குச் சற்றுக் கூடுதல். வாடை கிடையாது, கரையானுக்கும் தெரியாது. அதனால் அது மருந்துள்ள மண்ணில் நடந்து, கூட்டுக்கும் கொண்டுபோகும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. எதுவானாலும் சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறந்து கலக்கச் சொல்லுங்கள். “அந்தக் காலத்து ஆல்ட்ரின் இருக்கு, அடிச்சா இருபது வருஷம் வராது” என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தடை செய்யப்பட்ட விஷம் அது.

அடிக்கிற அன்று சம்ப் மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் போட்டு ஒட்டுங்கள். கிணறோ கைப்பம்போ இருந்தால் முதலிலேயே சொல்லி, அதை ஒட்டிய பகுதியில் ஊற்ற வேண்டாம் என்று பேசிவிடுங்கள். மீன் தொட்டியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதே உத்தமம். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் அன்று இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். டைல்ஸுக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ கரண்ட் குழாயோ எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால் ட்ரில் போடுகிறவரிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு குழாயில் ஓட்டை விழுந்து, கரையானுக்கு அடித்த செலவோடு பிளம்பர் செலவும் சேர்ந்தது.

பிறகு

மருந்தடித்ததும் மண் கோடுகளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அப்போதுதான் புதிதாக வந்தால் தெரியும். கசியும் குழாயைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. அடித்த சுவர் ஓரத்தைத் தோண்டிச் செடி வைத்தாலும் மருந்து போட்ட மண் கலைந்துவிடும்.

குடிபோனவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, சாமான் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளைப் பிறகு உதவும் என்று பரணிலோ மாடிப்படி அடியிலோ அடுக்கி வைப்பது. பழைய பேப்பர்காரரிடம் அன்றே போட்டுவிடுங்கள். வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள் எல்லாம் இரும்புப் பெட்டியில், தரையில் படாமல், சுவரை விட்டுத் தள்ளி. 2011இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் பணப்பெட்டகத்தில் இருந்த நோட்டுக் கட்டுகளையே கரையான் தின்றது செய்தியாக வந்தது. வங்கிக்கே அப்படி.

நாங்கள் இப்போது வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கிறோம். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது ஒரு தடவை, கொலுப் பெட்டியை இறக்குவதற்கு முன் ஒரு தடவை. உத்தரவாதக் காலத்தில் இலவசமாக வந்து பார்ப்பதாக எழுதிக் கொடுத்தவர்கள் தாமாக வருவதில்லை, நாம்தான் போன் செய்து தேதி வாங்க வேண்டும். அந்த எண்ணையும் உத்தரவாதம் முடியும் நாளையும் பரண் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். காகிதத்தில் இல்லை, பிளாஸ்டிக் அட்டையில்.